கைத்திறனுக்கு எத்தனை மட்டம்?

இலங்கையின் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் விடிவதற்குள் பால் வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பால் குறையும் என்பது தோட்டத்தில் பிள்ளைக்கும் தெரியும். அதற்கான காரணம் பட்டைக்குள் இருக்கிறது. பாலைச் சுமக்கும் நுண்குழாய்களுக்குள் விடியலுக்கு முன் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு அழுத்தம் இருக்கும். வெயில் பட்டு இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அது இறங்குகிறது. ஓட்டம் தளர்கிறது, பால் குறைகிறது.

வெட்டு எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகத்தான் போகும். சரிவு ஏறத்தாழ 30 பாகை. இதற்கும் காரணம் உண்டு. நுண்குழாய்கள் நேர்குத்தாக ஏறுவதில்லை. மூன்று நான்கு பாகை சாய்ந்து, இடமிருந்து வலமாக மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. எதிர்ச்சரிவில் வெட்டினால்தான் ஒரே நீள வெட்டில் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் சீவ வேண்டிய பட்டை ஒன்றேகால் மில்லிமீற்றர் அளவுதான். ஆழத்தில் இன்னும் கண்டிப்பு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதற்கு ஒரு மில்லிமீற்றர் முன்னால் நின்றுவிட வேண்டும். அதிகம் விலகி நின்றால் பால் வராது. படலத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முண்டு விழும், மறுபட்டை ஒழுங்காக வளராது. சில வருடம் கழித்து அதே இடத்தில்தான் மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் அரைஇருட்டில், ஒரு காலையில் ஏறத்தாழ 300 மரங்களில், ஒரு மரத்துக்குச் சில நொடிகளில் ஒருவர் செய்து முடிக்கிறார். அளவுகோல் எதுவும் அவரிடம் இல்லை. கத்தி பட்டையில் இழுபடும் சத்தமும் கைக்குத் தெரியும் தடையும்தான் அளவு.

இந்த அறிவில் ஒரு பகுதி புத்தகத்தில் ஏறி நூறு வருடத்துக்கு மேலாகிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, அந்த வருடமே 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை ஊன்றப்பட்டன. 1890-களின் கடைசியில் பேராதனையில் ஆய்வு செய்த ஜோன் பார்க்கின், முதல் வெட்டில் வருவதைவிட அதே காயத்தைத் திரும்பத் திறக்கும்போது பால் அதிகமாக வருகிறது என்று கண்டு எழுதினார். தினமும் புதிய இடத்தில் கொத்தாமல் பழைய வெட்டின் விளிம்பையே சீவுவதற்குப் பின்னால் இருக்கும் உண்மை அது.

கண்டவரின் பெயர் ஆய்வேட்டில் இருக்கிறது. வெட்டுகிறவரின் பெயர் செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே அவருக்கு இன்று முழுப் பேரா அரைப் பேரா (முழுநாள் கூலியா அரைநாள் கூலியா) என்றும், எத்தனை கிலோ என்றும் எழுதுவார்கள். கை எவ்வளவு தேர்ந்தது என்று எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது. அவர் நாளைக்கு வேறு தோட்டத்துக்கோ வேறு நாட்டுக்கோ போனால், இருபது வருடப் பழக்கம் உள்ளவர் என்பதற்குச் சாட்சி அவர் வாய்ச்சொல் மட்டுமே.

ஒருவருடைய கைக்குத் தெரிந்ததை, அவரைப் பார்த்தே இராத ஒருவர், வேறொரு நாட்டில் உட்கார்ந்து நம்பும்படி எழுத முடியுமா? இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய அளவில் விடை தேடிய இடம் ஐரோப்பா. அரை நூற்றாண்டு தேடியது. ஒருமுறை நன்றாகத் தோற்றது. அதன் பிறகுதான் வழி கிடைத்தது.

நடந்து காட்டிய சான்றிதழ்

அங்கே பழைய வழக்கம், தொழிலாளியே நேரில் போய் நின்று காட்டுவது. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் தச்சு, கொத்து போன்ற தொழில்களைக் கற்று முடித்த இளைஞர்கள் ஊர் ஊராக அலைந்து வேலை செய்யக் கிளம்புவார்கள். மூன்று வருடமும் ஒரு நாளும் ஊர் திரும்பக் கூடாது. சொந்த ஊரைச் சுற்றி 50 கிலோமீற்றருக்குள் கால் வைக்கக் கூடாது. இன்றும் கறுப்பு உடையும் அகலத் தொப்பியுமாகச் சிலர் இப்படிக் கிளம்புகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது. மேலே அந்த நகரத்தின் படம், கீழே ஆளின் பெயர், வயது, உயரம், தலைமயிரின் நிறம், இன்ன காலம் இங்கே ஒழுங்காக வேலை செய்தார் என்ற உறுதிமொழி, அந்தத் தொழிலின் கைவினைச் சங்கத்தின் முத்திரை. புகைப்படம் இல்லாத காலத்தின் அடையாள அட்டை அது. ஆனால் அந்தத் தாள் ஆளைப் பற்றிச் சொன்ன அளவுக்கு அவர் திறமையைப் பற்றிச் சொல்லவில்லை. போன ஊரில் மறுபடி உளியை எடுத்துக் காட்டத்தான் வேண்டும்.

1957-இன் ரோம் ஒப்பந்தம் ஆறு நாடுகளை ஒரே பொருளாதாரச் சமூகமாகக் கட்டியபோது, பொதுத் தொழிற்பயிற்சிக் கொள்கை ஒன்றுக்கும் அதில் இடம் வைத்தார்கள். நிலக்கரி எடுப்பவரும் இரும்பு உருக்குபவரும் எல்லை தாண்டி வேலைக்குப் போகப் போகிறார்கள் என்றால், அவர்களின் பயிற்சியும் எல்லை தாண்டி மதிக்கப்பட வேண்டும் அல்லவா? 1975-இல் தொழிற்பயிற்சிக்கென்றே செடெஃபொப் என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். முதலில் பெர்லினில் இருந்த அது இப்போது கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் இருக்கிறது.

பிறகு வந்தது அந்தப் பெரிய தோல்வி. 1985-இல் ஐரோப்பியச் சமூகம் ஒரு முடிவெடுத்தது. ஒவ்வொரு தொழிலாக எடுத்து, அந்தத் தொழிலில் இந்த நாட்டுச் சான்றிதழுக்கு அந்த நாட்டுச் சான்றிதழ் சமம் என்று பட்டியல் போடுவது. சமையல்காரர், மோட்டார் மெக்கானிக், கொத்தனார் என்று நிபுணர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட தொழில்கள் பட்டியலில் ஏறின. ஒரு பட்டியல் முடிவதற்குள் தொழில் மாறிவிட்டது. காபரேட்டரைப் பற்றி எழுதி முடித்தபோது காருக்குள் கணினி வந்திருந்தது. ஒரு நாடு தன் பாடத்திட்டத்தைத் திருத்தினால், மற்ற எல்லா நாடுகளோடும் வைத்த சமன்பாடு கெட்டது. பட்டியலை ஆண்டு ஆண்டாகப் புதுப்பிக்க யாராலும் முடியவில்லை.

எல்லா நாடுகளும் ஒரே பாடத்திட்டத்தைப் படித்தால் வேலை சுலபமாகியிருக்கும். அந்தக் கதவும் மூடியிருந்தது. 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், கல்வி, தொழிற்பயிற்சிச் சட்டங்களை ஒரே மாதிரி ஆக்கக் கூடாது என்றே எழுதி வைத்தது. ஜேர்மன் இளைஞர் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலையில், மிச்ச நாள் பள்ளியில் என்று இரண்டு இடத்தில் கற்பவர். அதே தொழிலை பிரான்சிலோ சுவீடனிலோ பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கற்பவர்கள் உண்டு. யாரும் தம் வழியை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

இரண்டு அகலத் தண்டவாளம்

ருவான்வெல்லைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. களனிப் பள்ளத்தாக்கின் இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கிய பழைய ரயில், அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டை வரை போனது. அன்று அதன் தண்டவாள அகலம் 762 மில்லிமீற்றர். நாட்டின் முக்கியப் பாதைகளின் அகலம் 1,676 மில்லிமீற்றர். இதன் பெட்டி அதில் ஓடாது. எல்லாப் பாதையையும் பெயர்த்துப் போட முடியாது என்றால், செய்யக்கூடியது ஒன்றுதான்: இரண்டும் சந்திக்கும் இடத்தில் நல்ல மேடை ஒன்றைக் கட்டி, சரக்கை இங்கிருந்து அங்கே மாற்றுவது. ஐரோப்பா கட்டியதும் அப்படி ஒரு மேடையைத்தான்.

2002 நவம்பரில் கோபன்ஹேகனில் 31 நாடுகளின் அமைச்சர்கள் கூடித் தொழிற்பயிற்சியில் ஒத்துழைப்பது என்று பிரகடனம் செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2008-இல் ஐரோப்பியத் தகைமைச் சட்டகம் பிறந்தது. அதில் மொத்தம் எட்டு மட்டம். ஒன்று, அடிப்படை வேலை. எட்டு, முனைவர் பட்டம். ஒவ்வொரு நாடும் தன் சான்றிதழ்களைத் தன் சொந்த மட்டங்களில் அடுக்கி, அந்த மட்டங்கள் ஐரோப்பிய எட்டில் எங்கே பொருந்துகின்றன என்று காட்ட வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கு அழகானது. 31 நாடுகள் இரண்டிரண்டாகப் பேசிச் சமன்பாடு போட்டால் 465 ஒப்பந்தம் வேண்டும். எல்லோரும் நடுவில் உள்ள ஒரே அளவுகோலோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டால் 31 ஒப்பீடு போதும். ஒரு நாடு பாடத்திட்டத்தை மாற்றினாலும் அந்த நாட்டின் கோடு மட்டும் திருத்தப்படும். மற்ற முப்பதும் அப்படியே நிற்கும். 1985-இன் பட்டியலைக் கொன்ற நோய் இதைத் தொடாது.

அந்த அளவுகோலில் தொழிலின் பெயரே கிடையாது என்பதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம். எத்தனை வருடம் படித்தார், எந்தப் பள்ளி, எத்தனை மணி நேரம் என்பதும் கிடையாது. மூன்று கேள்விகள் மட்டும். இவருக்கு என்ன தெரியும்? என்ன செய்ய முடியும்? எவ்வளவு தூரம் தன் பொறுப்பில் செய்வார்? இரண்டாம் மட்டத்தில் இருப்பவர் மேற்பார்வையில், கொஞ்சம் சுயமாக வேலை செய்வார். மூன்றாம் மட்டத்தில், கொடுத்த வேலையை முடிக்கும் பொறுப்பு அவருடையது. சூழ்நிலைக்கு ஏற்பத் தன் செயலை மாற்றிக்கொள்வார். நான்காம் மட்டத்தில், மாறக்கூடிய சூழலில் தன்னைத் தானே நடத்திக்கொள்வார். மற்றவர்களின் அன்றாட வேலையையும் பார்த்துக்கொள்வார். ஜேர்மனியில் மூன்று, மூன்றரை வருடம் பயின்று தேறிய தொழிலாளி இந்த நான்கில் நிற்கிறார். அங்கே தொழிலில் முதிர்ந்து ‘மைஸ்டர்’ தேர்வில் தேறியவர் ஆறாம் மட்டம். பல்கலைக்கழக இளங்கலைப் பட்டதாரியும் அதே ஆறு. புகைபோக்கி துடைக்கும் மைஸ்டரும் பட்டதாரியும் ஒரே வரிசையில் என்று ஒரு பெரிய நாடு அரச முத்திரையோடு எழுதி வைத்திருக்கிறது.

எப்படிக் கற்றார் என்பதைக் கேட்காமல் என்ன தெரியும் என்று மட்டும் கேட்டால், பள்ளிக்கே போகாமல் கற்றவருக்கும் கதவு திறக்கும். பிரான்ஸ் 2002-லேயே அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளையும் அதற்கு ஏற்பாடு செய்யச் சொன்னது.

தாளை நம்ப வைப்பது

மட்டம் எழுதிவிட்டால் நம்பிக்கை வந்துவிடாது. தாளில் நான்கு என்று யாரும் அச்சடிக்கலாம். எனவே ஒத்துழைப்பின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது: யார் தேர்வு வைக்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்.

ஜேர்மனியின் இறுதித் தேர்வைக் கற்பித்த பள்ளியும் பயிற்சி தந்த கம்பனியும் தாமே நடத்திக்கொள்ள முடியாது. தொழில் சபைகள் அமைக்கும் குழு நடத்தும். குழுவில் முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவர். மூவரின் அக்கறையும் வேறு வேறு. ஆகவே மூவரும் சேர்ந்து தேறியவர் என்று சொன்னால் அதற்கு எடை உண்டு. பிற நாடுகளோடு தரத்தை ஒப்பிட்டுப் பார்க்க 2009 முதல் தர உறுதிச் சட்டகமும் இயங்குகிறது. 1995-இல் தொடங்கிய லியனார்டோ டா வின்சி திட்டமும், இப்போது அதன் இடத்தில் உள்ள எராஸ்மஸ் பிளஸ்ஸும் தொழில் பயில்வோரையும் ஆசிரியர்களையும் சில வாரமோ சில மாதமோ பக்கத்து நாட்டுப் பட்டறைக்கு அனுப்புகின்றன. அங்கே போய் வந்தவர்தான் அந்த நாட்டு நான்கும் நம் நாட்டு நான்கும் ஒன்றா என்று வாயால் சொல்லக்கூடியவர்.

இத்தனைக்குப் பிறகும் சான்றிதழ் தானாகவே செல்லும் தொழில்கள் சிலவே. வைத்தியர், தாதி, பல் வைத்தியர், மிருக வைத்தியர், மருத்துவிச்சி, மருந்தாளர், கட்டடக் கலைஞர் என்ற ஏழுக்கு மட்டும் 2005-இன் சட்டம் ஒன்றியம் முழுவதும் தானாகவே கிடைக்கும் அங்கீகாரம் தருகிறது. மற்றவர்களுக்கு எட்டு மட்டம் ஒரு பேச்சைத் தொடங்கி வைக்கிறது. வேலையை வாங்கித் தருவதில்லை.

‘ஜேர்மன் டெக்’ முதல் கிளிநொச்சி வரை

ஜேர்மன் தொழிற்பயிற்சி முறை இலங்கைக்கு வந்தது பஸ்ஸுக்காக. தனியார் பஸ்கள் 1958-இல் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. ஓடுகிற பஸ்களைப் பார்த்துக்கொள்ள ஒழுங்காகப் பயின்ற மெக்கானிக்குகள் வேண்டும். மேற்கு ஜேர்மனியின் உதவியோடு 1959-இல் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் தொடங்கியது. பின்னாளில் மொரட்டுவையில் நிலைத்த அதற்கு ஊர் வைத்த பெயர் ‘ஜேர்மன் டெக்’. ஜேர்மனியர் போய் வெகுகாலம் ஆன பிறகும் அந்தப் பெயரும், கராஜ்களில் அதற்குள்ள மதிப்பும் போகவில்லை. 2016-இல் போருக்குப் பிந்தைய கிளிநொச்சியில், அறிவியல் நகரில், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறந்தது. மலையகத்துக்கும் ஜேர்மன் கை நீண்டது. தோட்டப் பாடசாலைகளுக்குத் தமிழ் ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அந்நாட்டு உதவியில் எழுந்தது.

கட்டடத்தைவிட முக்கியமான இன்னொன்றும் வந்தது. தேசிய தொழில் தகைமை என்ற ஏழு மட்டச் சட்டகம் 2000-களின் நடுவில் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அதைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கொழும்பு கராஜில் பையனாகச் சேர்ந்து பத்து வருடத்தில் மேஸ்திரி ஆனவர், வகுப்பில் உட்காராமலே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அனுபவத்துக்கான கடிதங்கள், செய்த வேலைகளின் படங்கள் என்று சான்றுகளைச் சேர்க்க வேண்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். சப்பிரகமுவைத் தோட்டங்களிலிருந்து கடைக்கும் கராஜுக்கும் கட்டட வேலைக்கும் போன பிள்ளைகளில் பலர் இப்படித்தான் தொழில் கற்றவர்கள். அவர்களுக்காகவே செய்தது போன்ற வழி இது.

இந்த முறையை முதலில் சொன்ன பால் வெட்டிலேயே பொருத்திப் பார்ப்போம். இது எந்த அரச ஆவணத்திலிருந்தும் எடுத்தது அல்ல, என் பயிற்சி. என்ன தெரியும்: பால் ஓடும் நேரம், பட்டையின் அடுக்குகள், வெட்டின் சரிவுக்குக் காரணம், மழைநாளில் ஏன் வெட்டக் கூடாது. என்ன செய்ய முடியும்: ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுவது, கத்தி தீட்டுவது, காயம் படாமல் 300 மரம் முடிப்பது, சிரட்டையைச் சுத்தமாக வைத்து பால் உறையாமல் சேர்ப்பது. எவ்வளவு பொறுப்பு: மலைச்சரிவில் தனியே வேலை செய்கிறார், மரத்துக்கு மரம் மாறும் பட்டையைப் பார்த்து அந்த இடத்திலேயே முடிவெடுக்கிறார், தப்பு செய்தால் அதன் விளைவு பல வருடம் மரத்தில் தெரியும். ஐரோப்பிய எட்டில் வைத்தால் இவர் மூன்றாம் மட்டத்துக்குக் கீழே வர வழியில்லை. பேச்சு வழக்கில் நாம் கூலி வேலை என்று தள்ளிவிடும் ஒன்று, மூன்று கேள்வி கேட்டதும் பயின்ற தொழிலாகிவிடுகிறது. சட்டகத்தின் பெரிய பலன் எல்லை தாண்டுவதைவிட இதுதான் என்று நினைக்கிறேன்: தெரிந்தும் கண்ணில் படாத திறமையைக் கண்ணில் பட வைப்பது.

இன்னும் அடைபட்ட இடங்கள்

நம் நான்கும் ஐரோப்பாவின் நான்கும் எண்ணில் ஒன்று என்பதால் தரத்தில் ஒன்றாகிவிடாது. ஒன்றியத்துக்குள் வருடக்கணக்கை விட்டுத் திறமையைப் பார் என்று சொல்லும் ஐரோப்பா, வெளியிலிருந்து வருபவரிடம் சில இடங்களில் பழைய கணக்கையே கேட்கிறது. 2024 மார்ச் முதல் ஜேர்மனி, தன் அங்கீகாரம் இல்லாமலும் அனுபவமுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர் வேலைக்கு வர ஒரு வழி வைத்திருக்கிறது. இரண்டு வருட அனுபவத்தோடு, சொந்த நாட்டு அரசு ஏற்ற, குறைந்தது இரண்டு வருடப் பயிற்சிக்கான தகைமையும் அதற்கு வேண்டும்; ஊதியத்துக்கும் எல்லை உண்டு. கராஜில் பத்து வருடம் கற்றவருக்கு அந்த ‘இரண்டு வருடப் பயிற்சி’ தடையாகலாம். அதே ஜேர்மனியின் 2012 அங்கீகாரச் சட்டத்தில் வேறொரு வாசலும் இருக்கிறது: உரிய ஆவணம் கொடுக்க முடியாதவரை வேலை செய்யச் சொல்லிப் பார்த்து, நிபுணர்கள் கேள்வி கேட்டு மதிப்பிடலாம். பழைய தச்சர்கள் உளியை எடுத்துக் காட்டியது இருநூறு வருடம் கழித்துச் சட்டமாகியிருக்கிறது.

நமக்குள்ளேயே ஒரு வாசல் ஒருக்களித்து நிற்கிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தமிழர் தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழ்பவர்கள். நுவரெலியாவைப்போல் இங்கே தமிழ்ப் பாடசாலைகளோ தமிழில் நடக்கும் தொழிற்பயிற்சியோ கிட்டத்தில் கிடைப்பதில்லை. திறமையை மதிப்பிடும் முறை என்ன தெரியும் என்று முதலில் கேட்கிறது. சிங்களத்தில் கேட்டு, சிங்களத்தில் எழுதிய படிவத்தை நீட்டினால், வயரிங்கில் கை தேர்ந்த தோட்டத்துப் பையன் தடுமாறுவது மொழியில்; தாளில் அது தொழிலில் தடுமாறியதாகப் பதிவாகும். அளவுகோல் சரியாக இருந்து, அளக்கும் கை தவறினால் அளவும் தவறுதான்.

ஐரோப்பா இருபது வருடத்துக்கு மேலாகச் செலவழித்தது அந்த அளக்கும் கைகளைப் பழக்குவதில்: மதிப்பீட்டாளர்களை நாட்டுக்கு நாடு அனுப்பி, சேர்ந்து பார்க்க வைத்து, ஒருவர் மதிப்பை இன்னொருவர் ஏற்கும்படி செய்வதில். இங்கே அந்தப் பயணத்துக்கு விமானம் தேவையில்லை. தமிழில் கேட்கத் தெரிந்த, தொழில் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் ஹட்டனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மாதம் ஒருமுறை ருவான்வெல்லைக்கு பஸ் ஏறினால் போதும். தோட்டத்து மின் வேலைக்காரரும், மேசனும், டிரைவரும், தையற்காரரும் தமக்குத் தெரிந்ததைத் தம் மொழியில் செய்து காட்டி எந்த மட்டம் என்று தெரிந்துகொள்வார்கள். அந்த வரிசையில் பால் வெட்டுகிறவரையும் நிற்கச் சொல்ல வேண்டும்.